நேரலை இருக்கட்டும், முதலில் நேரத்தைச் சொல்லுங்கள்

இப்போதெல்லாம் ஒரு சின்ன ஊர் மாதா கோயிலில் நாலு இளைஞர்கள் சேர்ந்தால் முதலில் பேசுவது யூடியூப் சேனல் பற்றித்தான். சேனலுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. லோகோ ரெடி. டிரைபாட் வாங்கக் காணிக்கை கேட்டாகிவிட்டது. ஞாயிறு பூசை நேரலையில் போகிறது. பார்க்கிறவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். அதிலும் பாதிப் பேர் கோயிலுக்குள்ளேயே கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, கோயில் போனில் எப்படித் தெரிகிறது என்று எட்டிப் பார்க்கிறவர்கள். (சிரிக்காதீர்கள், உங்கள் ஊரிலும் இதே கதைதான்!)

அதே ஞாயிறு, அதே பங்கைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்றில் வயதான அம்மா ஒருவர் காலை ஆறரைக்கே குளித்துவிட்டு, கோயில் வாசல்படியில் வந்து உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அங்கே பூசை சாயங்காலத்திற்கு மாற்றப்பட்டுவிட்டது. அந்தச் செய்தி முந்தின நாள் இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில், இரண்டு ‘இனிய இரவு’ படங்களுக்கு நடுவில் வந்தது. அவரிடம் இருப்பதோ பட்டன் போன். மகனிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது, ஆனால் அவர் ஒரகடத்தில் நைட் ஷிப்டில் இருக்கிறார்.

திருச்சபைகள் டிஜிட்டல் தொடர்பை எப்படிப் பயன்படுத்தலாம் என்று யாராவது கேட்டால், பதிலை இந்த அம்மாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கருங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளத்திற்கும் மதுராந்தகத்திற்கும் நடுவில் இருக்கும் பேரூராட்சி. இந்தப் பகுதி கத்தோலிக்கர் கணக்கில் செங்கல்பட்டு மறைமாவட்டம். சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து 2002-ல் பிரிந்தது. அரசாங்கம் செங்கல்பட்டைத் தனி மாவட்டம் ஆக்கியதோ 2019 நவம்பரில். அதாவது சாமியார்களுக்கு கலெக்டரைவிடப் பதினேழு வருடம் முன்பே செங்கல்பட்டு கிடைத்துவிட்டது!

இந்தப் பக்கத்துப் பங்குகளின் அமைப்பு பட்டணத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. பங்குத்தந்தை ஒருவர், தலைமைக் கோயில் ஒன்று, சுற்றிலும் கிளைக் கிராமங்கள். சில இடத்தில் வாரா வாரம் பூசை, சில இடத்தில் மாதம் ஒன்றோ இரண்டோ. சி.எஸ்.ஐ. குருசேகரத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான், ஒரு ஆயர், பல சபைகள். ஓர் ஊரில் துக்கம் நடந்தால், இன்னொரு ஊரில் திருவிழா வந்தால், மறைமாவட்டக் கூட்டம் இருந்தால், அட்டவணை மாறிவிடும். சென்னையில் ‘காலை 6, 7.30, மாலை 6’ என்று போர்டில் பெயின்ட் அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இங்கே முடியாது. எனவே ஜனங்களுக்கு அதிகமாகத் தேவைப்படும் செய்தி மிகச் சின்னது: இந்த ஞாயிறு நம்ம ஊரில் பூசை உண்டா, உண்டென்றால் எத்தனை மணிக்கு?

இதைக்கூட ஒழுங்காகச் சொல்லாமல் 4கே கேமரா வாங்குவதில் என்ன பயன்?

இன்னொரு வேடிக்கை. கருங்குழி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது வடலூர் பக்கத்தில் இருக்கும் கருங்குழி, வள்ளலார் தங்கியிருந்த ஊர். அது கடலூர் மாவட்டம். பெயர் ஒன்று, ஊர் இரண்டு. வெளியூரிலிருந்து கல்யாணத்திற்கு வருகிறவர் மேப்பில் ஊர்ப் பெயரை மட்டும் தட்டினால் எங்கே போய் நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள். மதுராந்தகம் வட்டத்தில் உள்ள ஒரு சின்ன சபைக்கு டிஜிட்டல் உலகில் முதல் வேலை, கூகுள் மேப்பில் கோயில் இருக்கும் இடத்தைச் சரியாகக் குறித்து, வழிபாட்டு நேரத்தையும் ஒரு போன் நம்பரையும் போடுவதுதான். செலவு பூஜ்யம், வேலை அரை மணி நேரம். வேலை தேடி இந்தப் பக்கம் புதிதாகக் குடிவரும் குடும்பம் கோயிலைத் தேடும் இடமும் அதுதான். நேரம் மாறும்போது அங்கேயும் மாற்ற வேண்டும், அதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பழைய நேரம் போட்டிருப்பது எதுவும் போடாததைவிட மோசம்.

திருச்சபை புதுக் கருவிகளைக் கண்டு பயந்து ஒதுங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகமே ‘தம்பிரான் வணக்கம்’தான், 1578-ல் கொல்லத்தில் அச்சானது. அச்சிட்டவர் அண்டிரிக் அடிகளார் என்கிற என்றிக்கே என்றிக்கஸ். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்துவிட்டார். 1931-ல் வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தவர் சாட்சாத் மார்க்கோனி. பிறகு மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ் நிகழ்ச்சி, இலங்கைப் புத்தளத்திலிருந்து மத்திய அலையில் வந்த நிகழ்ச்சிகள் என்று எத்தனையோ. வேரித்தாஸ் 2018-ல் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்திற்கு மாறியது. அந்தக் காலத்து வானொலி நேயர்களைக் கேட்டால், நிகழ்ச்சியைவிட ‘நேயர் கடிதம்’ பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். எழுதிப் போட்ட கடிதத்திற்கு எங்கோ கடல் தாண்டி ஒருவர் பெயர் சொல்லிப் பதில் சொன்னார் அல்லவா, அதுதான் மனதில் நின்றது.

ஊர்க் கோயிலிலும் இரண்டு பழைய தொடர்புச் சாதனங்கள் உண்டு. ஒன்று மணி. சாவு மணி அடித்தால் ஊரே வேலையை நிறுத்திவிட்டு ‘யாரு?’ என்று கேட்டது. இன்றைய நோட்டிபிகேஷன் எதற்கும் அந்த மரியாதை கிடையாது. இன்னொன்று கல்யாண ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். கவனியுங்கள், இது வெறும் அறிவிப்பு இல்லை. பதில் வரும் என்று எதிர்பார்த்துச் செய்கிற அறிவிப்பு. யாராவது எழுந்து வந்து சாமியாரிடம் பேசுவதற்கு ஒரு வழியைத் திறந்து வைத்த அறிவிப்பு.

இந்த ‘பதில் வரும் வழி’தான் இன்றைய சபைகளின் டிஜிட்டல் முயற்சிகளில் காணாமல் போயிருக்கிறது.

இதற்குக் காரணம் ஓரளவு கொரோனா. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர். கோயில் பூட்டு. மார்ச் 27 அன்று போப் பிரான்சிஸ் மழையில் நனைந்த ஆளில்லாத சதுக்கத்தில் தனியாக நின்று ஜெபித்ததை உலகமே போனில் பார்த்தது. 2021-லும் சில மாதங்கள் தமிழ்நாட்டில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்களில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு போனால் என்ன மிச்சம்? அந்த நேரத்தில் நேரலை ஒரு பெரிய ஆறுதல். அதைக் குறை சொல்வது நன்றிகெட்டத்தனம். ஆனால் அவசரத்திற்கு வாங்கிய குடையை வெயில் மழை எதுவுமில்லாத நாளிலும் வீட்டுக்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல, கோயில் திறந்த பிறகும் பல இடங்களில் ‘டிஜிட்டல்’ என்றால் நேரலை மட்டும்தான் என்று நின்றுவிட்டது.

வீட்டிலிருந்து பூசை பார்க்க விரும்புகிறவருக்கு வேளாங்கண்ணி இருக்கிறது, மாதா தொலைக்காட்சி இருக்கிறது. நல்ல கேமரா, நல்ல பாடகர் குழு, தெளிவான ஒலி. இந்தப் பக்கத்திலேயே அச்சிறுப்பாக்கம் மழைமலை மாதா அருள்தலம் போன்ற பெரிய இடங்கள் இருக்கின்றன. மின்விசிறிச் சத்தமும் குழந்தை அழுகையும் கலந்து வரும் ஒரு கிளைக் கிராம நேரலை இவற்றோடு போட்டி போட முடியாது. போட வேண்டிய அவசியமும் இல்லை. காமர்ஸ் வகுப்பில் முதல் வருடமே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தெருமுனைப் பெட்டிக்கடை சூப்பர் மார்க்கெட்டோடு விலையில் மோதினால் மூன்றே மாதத்தில் ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான். பெட்டிக்கடை பிழைப்பது வேறு ஒரு பலத்தால். ‘என்ன, அப்பாவை ரெண்டு நாளா காணோம், உடம்பு சரியில்லையா?’ என்று கேட்கிற பலம். அதை எந்தச் சூப்பர் மார்க்கெட்டும் செய்யாது.

சபைக்கும் அதுதான் பலம். வேளாங்கண்ணி நேரலைக்குத் தெரியாத விஷயங்கள் ஊர்ச் சபைக்குத் தெரியும். மூன்று ஞாயிறாக ஒரு குடும்பத்தைக் காணோம். கிழக்குத் தெருவில் ஒருவருக்கு டயாலிசிஸ், செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள், கல்லூரி விண்ணப்பம் போடத் தெரியவில்லை. அன்பியக் கூட்டத்திலும் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் பேசுகிற விஷயங்கள் இவைதான். போனைப் பயன்படுத்த வேண்டிய இடமும் இதுவே. வியூஸ் எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, இந்த வாரம் யாரைக் காணோம், அவர்களுக்கு யார் போன் செய்தார்கள் என்று எண்ணினால் போதும்.

‘வயதானவர்களுக்குப் போன் தெரியாதே, பிறகு எப்படி?’ என்று கேட்பீர்கள். இதற்குப் பதில் சர்ச்சில் இல்லை, கடற்கரையில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26. புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்ற மீனவ கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை அங்கே ஓர் அறிவு மையம் வைத்திருந்தது, கம்ப்யூட்டர், ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் அங்கே சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊரே கரையை விட்டு ஓடித் தப்பியது. செய்தி வந்தது சாட்டிலைட் வழியாக, டெலிபோன் வழியாக. ஆனால் கடைசி நூறு மீட்டரைக் கடந்தது ஒலிபெருக்கியும் மனிதத் தொண்டையும்தான்.

அச்சு அசலாக இதைத்தான் கிளைக் கிராமத்திலும் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் செய்தி உபதேசியாருக்கும் தெருவுக்கு ஒருவருக்கும் வரட்டும். அவர் கோயில் மைக்கில் இரண்டு வரி சொல்லட்டும், வாசல் கரும்பலகையில் எழுதட்டும். மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பலாமே என்றால் அதற்கு டிராய் விதிப்படி டி.எல்.டி. பதிவு அது இது என்று ஏகப்பட்ட வேலை, சின்ன சபைக்குத் தாங்காது. பட்டன் போன் வைத்திருப்பவருக்கு ஒரு நிமிடம் நேரடியாகப் பேசிவிடுவதே சுலபம். ஐந்து இளைஞர்கள் ஆளுக்குப் பத்து வீடு என்று பிரித்துக்கொண்டால் சனிக்கிழமை சாயங்காலம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்படியானால் நேரலையே வேண்டாமா? வேண்டும், ஓர் இடத்தில் கட்டாயம் வேண்டும். துக்கத்தில்.

அப்பா இறந்துபோன செய்தி கேட்டு, குவைத்திலோ துபாயிலோ லீவு கிடைக்காமல், டிக்கெட் கிடைக்காமல் மாட்டிக்கொள்ளும் மகன்கள் எத்தனை பேர்! அந்த ஒரு மணி நேர அடக்கப் பூசையை, கல்லறையில் மண் போடுவதைப் பார்க்க அவர்களுக்கு வேறு வழியே கிடையாது. அதற்கு யூடியூப் சேனல்கூடத் தேவையில்லை. ஒரு வீடியோ கால், கை நடுங்காமல் போனைப் பிடிக்க ஒரு தம்பி, முழு சார்ஜ். பார்க்கிறவர் ஒரே ஒருவர்தான். அந்த ஒரு வியூவுக்கு ஈடாக எந்த லட்சம் வியூவையும் வைக்க முடியாது. அதேபோல் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அவருடைய சொந்தக் கோயிலின் பாட்டும், பழகிய சாமியாரின் குரலும் கேட்பது வேறு விஷயம். ஆனால் நேரலை பார்க்கிறார் என்பதற்காக அவருக்கு நற்கருணை கொண்டுபோவதை நிறுத்திவிடக் கூடாது. இணையத்தில் அருட்சாதனங்கள் கிடையாது என்று வத்திக்கான் 2002-லேயே சொல்லிவிட்டது. 2011-ல் பாவசங்கீர்த்தனத்திற்குத் தயார் செய்ய உதவும் ஐபோன் செயலி ஒன்று அமெரிக்காவில் வந்தபோதும், சாமியாரிடம் நேரில் போவதற்கு அது மாற்று இல்லை என்று வத்திக்கான் விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது.

இனி வாட்ஸ்அப் குரூப்பின் கொடுமைக்கு வரலாம். சபைக் குரூப் என்றால் காலை வணக்கம், வசனப் படம், யாரோ அனுப்பிய மூலிகை வைத்தியம், தேர்தல் நேரத்தில் சண்டை. இதற்கு நடுவில் முக்கியமான அறிவிப்பு புதைந்துவிடும். இதற்குப் பயந்து ‘அட்மின் மட்டும்’ என்று பூட்டிவிட்டால் பதில் வரும் வழியும் அடைபடும். இதைவிடப் பெரிய பிரச்சினை, குரூப்பில் சேர்ந்த ஒவ்வொரு பெண்ணின் நம்பரும் முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் போகிறது. ‘ஹாய்’ என்று மெசேஜ் வர ஆரம்பித்ததும் அந்தப் பெண் குரூப்பை விட்டுப் போய்விடுவாள், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இதற்கு ப்ராட்காஸ்ட் லிஸ்ட் நல்ல வழி. கோயில் நம்பரைச் சேமித்து வைத்திருக்கும் எல்லாருக்கும் செய்தி போகும், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது, பதில் அனுப்பினால் அது கோயிலுக்கு மட்டும் வரும். ஓலைக்குப் பதில் சொல்வது போலவே!

ஜெப விண்ணப்பம் இன்னும் நாசூக்கான விஷயம். ‘சகோதரி இன்னாருக்கு கர்ப்பப்பையில் கட்டி, ஜெபித்துக்கொள்ளவும்’ என்று இருநூறு போனுக்கு அனுப்புகிறவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறார். அந்தச் சகோதரியிடம் கேட்டாரா? மாப்பிள்ளை பார்க்கிற வீடாக இருந்தால் என்ன ஆகும்? கேட்காமல் நோயின் பெயரையும் ஆளின் பெயரையும் சேர்த்துப் போடவே கூடாது. மறைக்கல்விக் குழந்தைகளின் போட்டோவுக்கும் இதே விதி. உள்ளூரில் எடுத்த வீடியோ உள்ளூரிலேயே நிற்காது, யாரோ வெட்டி ஒட்டி வேறு தலைப்போடு பரப்ப ஒரு நிமிடம் போதும்.

அடுத்து, யார் கையில் சாவி என்பது. பங்குத்தந்தைக்கும் ஆயருக்கும் சில வருடத்திற்கு ஒருமுறை மாற்றல் வரும். அவர் சொந்த நம்பரிலும் சொந்த மெயிலிலும் எல்லாவற்றையும் ஆரம்பித்திருந்தால், அவர் பெட்டியைக் கட்டும்போது சேனல், லிஸ்ட், பாஸ்வேர்டு எல்லாம் கூடவே போய்விடும். புதிதாக வந்தவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். கோயில் பெயரில் ஒரு சிம், ஒரு மெயில் ஐ.டி., பாஸ்வேர்டு எழுதிய தாள் ஒன்று ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் பீரோவில். இவ்வளவுதான் வேண்டும்.

பணம் பற்றிப் பேசாமல் விட்டால் காமர்ஸ் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். யு.பி.ஐ. 2016-ல் வந்தது. இன்று இளநீர்க் கடையில் கியூஆர் கோடு இருக்கிறது, உண்டியல் பக்கத்திலும் இருக்கிறது. தவறில்லை. ஆனால் ஸ்கேன் செய்தால் திரையில் வருவது யார் பெயர்? கோயில் பெயரா, பொருளாளர் பெயரா? ‘சீக்கிரம் வேலை ஆகட்டும்’ என்று யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கை ஒட்டிவைப்பது பிற்காலச் சண்டைக்கு இன்றே போடும் விதை. அவர் யோக்கியராகவே இருக்கட்டும், அவருடைய சம்பளமும் சபைக் காணிக்கையும் ஒரே பாஸ்புக்கில் கலந்த பிறகு எந்த ஆடிட்டராலும் பிரிக்க முடியாது. காணிக்கை சபைக் கணக்கிற்கு வர வேண்டும், மாதம் ஒருமுறை வரவு செலவு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும், அதன் போட்டோ லிஸ்ட்டில் போக வேண்டும். வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை பார்க்கிறவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய சித்தப்பா கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டு அனுப்பினால் ஆகும். எப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத சபை அதை வாங்கவே கூடாது. நேரலைக்குக் கீழே வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டு ‘உலகமெங்கும் உள்ள விசுவாசிகளே’ என்று அழைப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போடலாம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. பங்குக் குடும்பப் பதிவேட்டில் இருக்கும் போன் நம்பர்களில் பாதி செத்துப்போன நம்பர்கள். டிரைபாட் வாங்கிய அதே நாலு இளைஞர்கள் ஒரு ஞாயிறு மத்தியானம் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகப் போகலாம். நம்பர் என்ன, போன் பகலில் யாரிடம் இருக்கும், எழுத்துச் செய்தி படிப்பார்களா, குரல் செய்திதான் கேட்பார்களா, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் நம்பர் எது என்று கேட்டு எழுதலாம். போனே இல்லாத வீடு வந்தால், அந்த வரியில் கோடு போட்டுவிட்டு நகரக் கூடாது. பக்கத்து வீட்டில் யார் வந்து சொல்வார் என்று கேட்டு, அவர் பெயரை அங்கே எழுத வேண்டும்.